பத்து ஒயரும் ஒரு நாத்தனாரும்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு இழுவை அக்கா என்று பேர். வைத்தவர் ஸ்டோர்க்காரர். ஈசிஜி எடுக்கிற மற்ற மூன்று பேரும் ஒரு சுருள் தாளை நாலு நாள் ஓட்டுவார்கள். இவளுக்கு ஒரே நாளில் தீர்ந்துவிடும். "உங்ககிட்ட வர்ற நோயாளிங்களுக்கு மட்டும் நெஞ்சு அவ்வளவு நீளமாம்மா?" என்று அவர் ஒருநாள் கேட்டார். "ஆமா, உங்க நாக்கு மாதிரி" என்று சொல்லிவிட்டுச் சுருளை வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கே பேர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

பத்து வினாடி ஓடினால் போதும் என்பது கணக்கு. அவள் அதற்கு மேல் இன்னும் அரை நிமிஷம் ஓட விடுவாள். கேட்டால், "வீட்டுக்கு வந்த விருந்தாளி வாசல்லயே உண்மையைச் சொல்லிடுவாங்களா? உக்காந்து கொஞ்ச நேரம் ஆகணும்ல" என்பாள்.

இருபத்தாறு வருஷ வேலை. ஜெல்லை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிய பிறகுதான் நெஞ்சில் தடவுவாள். கூச்சப்படுகிற பெண்களுக்குத் திரையை இரண்டு தடவை இழுத்துச் சரிபார்ப்பாள். கைக்கும் காலுக்கும் நாலு கிளிப், நெஞ்சுக்கு ஆறு, ஆக மொத்தம் பத்து ஒயர். கண்ணை மூடிக்கொண்டே பொருத்திவிடுவாள். தாளில் வருகிற கோடுகளைப் படிக்கவும் அவளுக்குத் தெரியும். புதிதாக வருகிற டாக்டர்கள் சில பேர் தாளைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். படுக்கையில் இருப்பவர் "ஏம்மா, ஏதாச்சும் தெரியுதா?" என்று கெஞ்சினாலும் ஒரே பதில்தான்: "எடுத்தாச்சு. டாக்டர் பாத்துச் சொல்வார்." மற்றவர்கள் போகிறபோக்கில் "ஒண்ணுமில்லை, பயப்படாதீங்க" என்று சொல்லிவிடுவார்கள். பதினொரு வருஷமாக அந்த "ஒண்ணுமில்லை" மட்டும் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, அவளுடைய மாமியார் நெஞ்சு கரிக்கிறது என்றார். அவள் அப்போது ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயே கூட்டிக்கொண்டு போய்த் தன் கையாலேயே ஈசிஜி எடுத்தாள். கோடுகள் கோலம் போட்டாற்போல ஒழுங்காக இருந்தன. டாக்டரும் பார்த்துவிட்டு, வயிற்றுப் புளிப்புக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார். ரத்தத்தில் பார்க்கிற பரிசோதனை அந்தக் கிளினிக்கில் கிடையாது. வேறு இடத்தில் பார்க்கச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. மத்தியானம் நாத்தனார் போன் செய்தாள். "ஒண்ணுமில்லை அண்ணி, சுத்தமா இருக்கு" என்று இவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் பல் துலக்கப் போனவர் குளியலறையிலேயே சரிந்து விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது, கூடத்தில் இருபது பேர் இருக்கையில், நாத்தனார் இவளைப் பார்த்துச் சொன்னாள்: "ஒண்ணுமில்லைன்னு சொன்னியே. அந்த வாயாலதான் எங்கம்மாவைக் கொன்னே." நெல்லைக் கொட்டினால் அள்ளலாம் என்பார்கள். இரண்டு பேருமே சொல்லைக் கொட்டிவிட்டவர்கள். அன்றோடு பேச்சு நின்றது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நாத்தனாரின் கணவர் தவறியபோது இவள் போனாள், கடைசி வரிசையில் நின்றாள், திரும்பி வந்தாள். அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாத்தனார் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் பேசுவதுதான் வேலை. இவள் ஆஸ்பத்திரிக்குப் போக அந்த நிலையத்தில்தான் பஸ் மாற வேண்டும். தினமும் பன்னிரண்டு நிமிஷம் காத்திருப்பு. ஆக, பேசாத நாத்தனாரின் குரலைத் தினமும் கேட்டுக்கொண்டு நின்றவள் அந்த ஊரிலேயே இவள் ஒருத்திதான். எழுத்துக்கு எழுத்து மணி கட்டினாற்போன்ற குரல். சளி பிடித்திருந்தால் தெரியும். மகளோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால் "தயவுசெய்து" என்ற சொல் கொஞ்சம் கடிபடும். இவள் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். காது மட்டும் மாடியில் இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தக் குரல் இல்லை. யாரோ ஒரு ஆள், ஆறாவது நடைமேடையை ஒன்பது என்று படித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். லீவு போலிருக்கிறது என்று நினைத்தபடி இவள் பஸ் ஏறிவிட்டாள்.

பதினோரு மணிக்கு ஸ்ட்ரோக் வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். நாலாம் படுக்கை, புதுசு. ஈசிஜி மெஷின் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவள் திரையை விலக்கியதும், கட்டிலருகே நின்ற பெண் "அத்தை" என்றாள். நாத்தனாரின் மகள். தபால் ஆபீஸ் அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் நாத்தனார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலது கை போர்வைமேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது.

"காலையில எழுப்பப் போனேன் அத்தை. பேச வரலை. ஏதோ உளர்றாங்க. எப்ப வந்துச்சுன்னே தெரியலை. கட்டியைக் கரைக்கற ஊசி போட நேரம் தாண்டிருச்சாம்."

இழுவை அக்கா வண்டியின் கைப்பிடியை விடாமல் நின்றாள். வேறு ஆளை அனுப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். ஒருத்தி லீவு, மற்ற இருவரும் வெளிநோயாளிகள் பிரிவில். வழக்கம்போல ஜெல்லை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். முதல் கிளிப்பை மாட்டியதும் நாத்தனாரின் இடது கை எழுந்து வந்து அதைப் பிடுங்கிப் போட்டது. மறுபடி மாட்டினாள். மறுபடி பிடுங்கினாள். வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, சொல் வரவில்லை. அந்தக் கண்கள் மட்டும் பதினொரு வருஷத்துக்கு முன்னால் கூடத்தில் பார்த்த அதே கண்கள்.

"அண்ணி," என்றாள் அக்கா. அந்தச் சொல்லைச் சொல்லியே எவ்வளவு காலமாகிவிட்டது. "திட்டணும்னா எந்திரிச்சு உக்காந்து நல்லாத் திட்டுங்க, கேட்டுக்கறேன். இப்ப கொஞ்ச நேரம் அசையாம படுங்க."

மகள் அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். தாள் ஓடியது. அக்காவின் முகம் ஆடவில்லை. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மேட்டுப்பக்கம் எழ வேண்டிய சின்ன அலை, கிணற்றில் வாளி இறங்கினாற்போலக் கீழே ஆழமாகத் தொங்கியது. "எடுத்தாச்சு. டாக்டர் பாத்துச் சொல்வார்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

ரத்தப் பரிசோதனையும் வந்தது. இருதயத் தசைக்கு அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற ட்ரோபோனின் என்ற பொருள், அந்த லேப் கணக்கில் பதினாலுக்குள் இருக்க வேண்டியது, அறுபத்தெட்டு இருந்தது. பணியில் இருந்த சின்ன டாக்டர் அவசரப்பட்டு, "ஹார்ட் அட்டாக்கும் சேர்ந்து வந்திருக்கலாம்" என்று மகளிடம் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் அக்காவின் வீட்டுக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவருக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. விரல் நுனியெல்லாம் வெள்ளைப் பொடி.

நடைவழியில் மனைவியை மறித்தார். "மூளையிலயும் அடி, நெஞ்சுலயும் அடியாமே? நீதானே எடுத்தே? என்ன இருக்குது?"

"பெரிய டாக்டர் வரட்டும்."

"நான் உன்னைக் கேக்கறேன்."

"நான் எடுக்கற ஆளுங்க. சொல்ற ஆளு இல்லை."

"எங்கம்மாவுக்கு மட்டும் சொன்னியே."

சொன்ன பிறகுதான் அவருக்கே தான் சொன்னது உறைத்தது. பதினொரு வருஷம் ஒரு தடவை, ஜாடையாகக்கூட, அவர் இதைச் சொல்லிக் காட்டியதில்லை. அக்காள் ஒரு பக்கம் மனைவி ஒரு பக்கம் என்று மத்தளம் மாதிரி அடிவாங்கியவர், இருவரிடமும் மற்றவரைப் பற்றி வாய் திறக்காமல் காலத்தை ஓட்டிவிட்டார். "ஏதோ பதட்டத்துல..." என்று இழுத்தார். "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியைத் தள்ளினாள். அதன் ஒரு சக்கரம் கீச்சிட்டுக்கொண்டே போனது.

மூளை டாக்டரம்மா அவசரப்பட மாட்டார். மத்தியானம் வந்து ஈசிஜி தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரத்தத்தை மூன்று மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார். ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. எழுபத்தொன்று. பிறகு அறுபத்தொன்பது. இருதய டாக்டரும் வந்து நெஞ்சில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். அப்புறம் மகளையும் வீட்டுக்காரரையும் உட்கார வைத்து டாக்டரம்மா சொன்னார். அக்கா கதவோரம் நின்று கேட்டாள்.

"அட்டாக்கா இருந்தா இந்த நம்பர் ஏணி மாதிரி ஏறிட்டே போகணும். இது மொட்டை மாடி மாதிரி ஒரே மட்டத்துல நிக்குது. இருதயச் சுவரும் நல்லாத்தான் அசையுது. மூளைக்கு அடி விழுந்தா அது போடற கூச்சல் இருதயத்துக்கும் கேக்கும். அந்த மிரட்சிதான் ரத்தத்துலயும் தெரியுது, ஈசிஜியிலயும் தெரியுது. நிறையப் பேருக்கு இப்படி வரும்."

"அப்போ நெஞ்சுக்கு வைத்தியம் வேண்டாமா டாக்டர்?" என்றார் வீட்டுக்காரர்.

"அட்டாக்னு நெனச்சு ரத்தத்தை இளக்கற மருந்தை இன்னிக்கே அள்ளிப் போட்டோம்னா, மூளையில புண்ணான இடத்துல கசிஞ்சிடும். அதான் அவசரப்படலை. ஆனா ஒண்ணு உறுத்துது. இருதயத்தோட மேலறை கொஞ்சம் பெருசா இருக்கு. அந்த அறை இழுபட்டா ரத்தத்துல கூடற இன்னொரு பொருள் இருக்கு, அதுவும் தூக்கலா இருக்கு. எப்பவாவது இவங்களுக்குத் துடிப்பு தாளம் தப்புதோன்னு சந்தேகம். அப்படித் தப்பும்போது மேலறையில ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி கிளம்பிப் போய் மூளைக் குழாயை அடைச்சிருக்கலாம். நெசமா அதுதான்னு தெரிஞ்சா, இன்னொரு தடவை வராம தடுக்க மருந்து இருக்கு. ஆனா கையும் களவுமா பிடிபடணும்."

பிடிபடவில்லை. இரண்டு நாள் மானிட்டர் கட்டிலருகே கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது. துடிப்பு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் போவதுபோல ஒழுங்காகப் போனது. மூன்றாம் நாள் நாத்தனாரைவிட மோசமான ஒருவர் வந்ததால் மானிட்டர் அந்தப் பக்கம் போனது. நாள் முழுக்க உடம்பில் கட்டிவிடுகிற சின்ன மெஷின்கள் ஆஸ்பத்திரியில் இரண்டே இரண்டு. இரண்டும் வேறு ஆட்களின் இடுப்பில் இருந்தன. அவை வருகிற வரைக்கும் காலை ஒன்று மாலை ஒன்று ஈசிஜி எடுக்கும்படி டாக்டரம்மா எழுதினார்.

அந்தச் சாக்கில் தினமும் இரண்டு வேளை நாத்தனாரைத் தொட வேண்டியதாயிற்று. அப்படி எடுக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் நாத்தனார் ஒயரைப் பிடுங்குவதை நிறுத்தினாள். மூன்றாம் நாள், ஜெல்லைக் கையில் தேய்க்கும்போது அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள், இடது கையைத் தானாகவே நீட்டினாள். பேச்சு மட்டும் வரவில்லை. "தண்ணி" என்று கேட்க நினைத்தால் "நாற்காலி" என்று வந்தது. அது தப்பு என்று அவளுக்கே தெரிந்து, கண்ணில் நீர் முட்டியது. எழுத்துக்கு எழுத்து மணி கட்டியவளுக்கு இந்த நிலை.

அக்கா சும்மா இருக்க முடியாமல் எதையாவது பேசிக்கொண்டே எடுப்பாள். உங்க இடத்துல உக்காந்திருக்கற ஆளு இன்னிக்கும் நடைமேடையை மாத்திப் படிச்சார், நாலு பேர் பொட்டியைத் தூக்கிட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடறாங்க அண்ணி, என்றாள். நாத்தனாரின் கோணிய வாய் இன்னும் கொஞ்சம் கோணியது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். மகள் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். திரைக்குள் இருவர் மட்டும். அக்கா ஒயர்களைப் பொருத்தி, பொத்தானை அழுத்தினாள். தாள் ஓட ஆரம்பித்தது. அன்றைக்கு என்ன தோன்றியதோ, பேச்சு பேருந்து நிலையத்துக்குப் போகாமல் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீங்க போன் பண்ணி, நான் கிளம்பி வரட்டான்னு கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

நாத்தனார் அவளையே பார்த்தாள்.

"ஒண்ணுமில்லைன்னு சொன்னேன். ஈசிஜி நல்லாத்தான் இருந்துச்சு, அது பொய்யில்லை. ஆனா அதுக்காகச் சொல்லலை அண்ணி. நீங்க வந்தா நாலு நாள் தங்குவீங்க. அடுப்படியில எதை எங்கே வெக்கணும்னு சொல்வீங்க. பிள்ளைங்க முன்னாடி என்னைக் குத்திப் பேசுவீங்க. அந்த வாரம் எனக்கு உடம்புலயும் தெம்பில்லை, மனசுலயும் தெம்பில்லை. நீங்க வர வேண்டாம்னு நெனச்சேன். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டேன். அம்மா அன்னிக்குச் சாயந்தரம்கூட உங்களைத்தான் கேட்டாங்க. 'அவ வரலையா?'ன்னு. வேலை இருக்காம்னு சொன்னேன். இதை உங்க தம்பிகிட்டகூடச் சொன்னதில்லை."

சொல்லி முடித்ததும் இறக்கி வைத்தாற்போல இருந்தது. அடுத்த கணமே சுருக்கென்றது. பதில் சொல்ல வாயில்லாதவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன். பதினொரு வருஷத்தில் எந்த நாளாவது சொல்லியிருக்கலாம். அப்போதெல்லாம் திருப்பிக் கேட்பாளே என்ற பயம். இப்போது கேட்க முடியாது என்று தெரிந்துதானே துணிச்சல் வந்தது? கட்டிப் போட்டவளை அடித்தாற்போல. நாத்தனாரின் இடது கை போர்வையைக் கசக்கிப் பிடித்திருந்தது. கண் ஓரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அக்கா துடைக்கக் குனிந்தபோதுதான் காலடியில் ஏதோ தட்டுப்பட்டது. தாள். மெஷினை நிறுத்தவே இல்லை. மடிப்பு மடிப்பாகத் தரையில் விழுந்து குவிந்திருந்தது. அள்ளி எடுத்தாள். முதல் நாலு கஜம் ஒழுங்கு. அதற்குப் பிறகு கோடு மாறியிருந்தது. துடிப்புக்கு முன்னால் வர வேண்டிய சின்ன மேடு எங்கேயும் காணோம். அந்த இடத்தில் நடுங்கின கையால் இழுத்தாற்போன்ற நெளிவு. துடிப்புகள் இரண்டு ஒட்டி, ஒன்று தள்ளி, மூன்று நெருங்கி, எந்தக் கணக்கிலும் அடங்காமல் சிதறிக் கிடந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் அதையே இன்னும் எழுதிக்கொண்டிருந்தது.

திரையை விலக்கி, "சிஸ்டர், டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க" என்றாள். அவர் வந்து தாளைக் கையில் வாங்குகிற வரைக்கும் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. எல்லாமாக ஏழு நிமிஷம் ஓடி, பிறகு துடிப்பு தானாகவே வரிசைக்குத் திரும்பியது.

டாக்டரம்மா தாளை நடைவழி மேசைமேல் நீளமாக விரித்துப் பார்த்தார். முகம் தெளிந்தது. "இதைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்" என்றார்.

அக்கா நகரவில்லை. "டாக்டர், நான் அவங்ககிட்ட பேசிட்டிருந்தேன். மனசைக் கலக்கற பேச்சு. அதனாலதான் இப்படி ஆச்சா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அதனாலதான்னு சொல்ல முடியாது. அதனால இல்லவே இல்லைன்னு சத்தியமும் பண்ண மாட்டேன். ஆனா அந்த மேலறை இன்னிக்கு மத்தியானம் பெருசாகலை. இது ரொம்ப நாளா வந்து போய்க்கிட்டிருந்திருக்கணும். இன்னிக்கு நம்ம கண்ணுல பட்டுச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அந்த "அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்பது அக்காவின் மனசில் தங்கிவிட்டது. இத்தனை படித்தவர், தனக்குத் தெரிந்ததற்கு ஒரு எல்லை கட்டி, அந்தக் கோட்டில் நின்றுகொண்டு பேசுகிறார். தான் அந்த எல்லையை ஒரு தடவை தாண்டியதும், பிறகு பதினொரு வருஷம் அந்தப் பக்கமே போகாமல் வாயைப் பூட்டிக்கொண்டதும், இரண்டுமே ஒரே பயம்தானோ என்று அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தாள்.

வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடமும் சொன்னாள். ஒன்றுவிடாமல். அவர் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். இரண்டு நாள் அவளிடம் பேச்சு "சரி", "வேண்டாம்" என்ற அளவில்தான். மூன்றாம் நாள் காலை தேநீர் டம்ளரை வைத்துக்கொண்டு, "அக்கா வந்தா வீடு ரெண்டாகும்னு எனக்கும் தெரியும். அன்னிக்கு நானே போன் பண்ணி வரச் சொல்லியிருக்கலாம். நானும் பண்ணலை" என்றார்.

மூளையில் கசிவு எதுவும் இல்லை என்று மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒன்பதாம் நாள் ரத்தத்தை இளக்குகிற மாத்திரையைத் தொடங்கினார்கள். காலை ஒன்று, மாலை ஒன்று, ஆயுசுக்கும். ஈசிஜியில் கீழே தொங்கின அலை நாளாக ஆக மேலே ஏறி, இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்தது. ரத்தத்தில் அந்த நம்பரும் இறங்கிவிட்டது. இருதயம் மிரட்சி தெளிந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. மூன்றாவது வாரம், மகள் ஒரு பக்கம் வாக்கர் ஒரு பக்கமாக, நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

அக்கா முதல் ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. ஆஸ்பத்திரியில் தொட்டது வேலை. வீட்டுக்குப் போவது வேறு. இரண்டாவது ஞாயிறு வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு, "வர்றியா?" என்று மட்டும் கேட்டார். போனாள்.

நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பேச்சுப் பயிற்சிக்காரர் கொடுத்த பட அட்டைகள் மடியில் கிடந்தன. தம்பியைப் பார்த்து, "வா... வாளி" என்றாள். "வாடா"வைத்தான் அப்படிச் சொன்னாள். அவர் மகளோடு உள்ளே போனதும், அக்கா என்ன செய்வதென்று தெரியாமல் அட்டைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். நாத்தனார் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வாய் ஒரு சொல்லுக்காகத் திறந்து, மூடி, மறுபடி திறந்தது. நெற்றி வியர்த்தது. ஒரு எழுத்து வந்தது, நின்றது, பின்வாங்கியது. அக்கா காத்திருந்தாள். காத்திருக்கத்தான் அவளுக்குத் தெரியுமே.

"வந்... திருப்பேன்" என்றாள் நாத்தனார்.

தெளிவாக, தப்பில்லாமல் வந்த முதல் சொல் அது. நீ உண்மையைச் சொல்லியிருந்தால் வந்திருப்பேன் என்றா, நீ என்ன சொல்லியிருந்தாலும் நானே வந்திருக்க வேண்டும் என்றா, எங்கம்மாவைக் கடைசியாக ஒரு தடவை பார்த்திருப்பேன் என்றா? அக்கா கேட்கவில்லை. மூன்றுமாகவே எடுத்துக்கொண்டாள். "ஆமா அண்ணி. வந்திருப்பீங்க" என்றாள். நாத்தனார் பிடித்த கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு விட்டுவிட்டு அட்டைகளைக் காட்டினாள். எடு, ஆரம்பி, என்பதுபோல.

மன்னிப்பு என்று யாரும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்தன. அட்டையில் குடையைக் காட்டினால் நாத்தனார் "சாவி" என்பாள்; தப்பு என்று தெரிந்ததும் அட்டையைப் பிடித்திருப்பவள்மேல் கோபம் வரும். ஆறாவது மாதம் சொற்கள் பாதிக்கு மேல் திரும்பிவிட்டன. முதலில் முழுசாகத் திரும்பியவை குறை சொல்லுகிற சொற்கள்தான் என்று மகள் சொல்லிச் சிரித்தாள். மைக் முன்னால் இனி உட்கார முடியாது. நிலையத்தில் பயணிகள் மறந்துவிட்டுப் போன பொருள்களைப் பாதுகாக்கிற அறையில் இடம் போட்டுக் கொடுத்தார்கள். அங்கே பேச்சு குறைவு, பொறுமை அதிகம் வேண்டும். "எனக்கு ரெண்டும்... பழகணும்" என்றாள் நாத்தனார்.

ஆஸ்பத்திரியில் இழுவை அக்காவிடமும் ஒரு சின்ன மாற்றம். படுத்திருப்பவர் "ஏம்மா, ஏதாச்சும் தெரியுதா?" என்று கேட்டால் இப்போதெல்லாம் பூட்டிக்கொள்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தத் தாள் இந்த ஒரு நிமிஷத்தை மட்டும்தான் காட்டும். மிச்சத்தை ரத்தத்துல பாப்பாங்க, டாக்டர் தொட்டுப் பாப்பார். வீட்டுல யாருக்காவது சொல்லணுமா? வரச் சொல்லிடுங்க. வந்தா வந்துட்டுப் போகட்டும்" என்பாள். ஸ்டோர்க்காரர் தாள் விஷயத்தில் இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தால் வியாழக்கிழமை மாலை மாத்திரை அப்படியே இருக்கிறது.

"இது ஏன் இங்கே இருக்கு அண்ணி?"

"மறந்துட்டேன்."

"மறந்தீங்களா, வேணாம்னு விட்டீங்களா?"

"உனக்கு எதுக்கு? நீ... எடுக்கற ஆளு. சொல்ற ஆளா?"

இதைத் தம்பிதான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அக்கா திரும்பிப் பார்த்தபோது வீட்டுக்காரர் ரொம்ப அக்கறையாக ஜன்னல் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார். "சிரிப்பா இருக்கா? ஒரு வேளை விட்டாலும் ரத்தம் மறுபடி கட்டிக்கும்" என்று அக்கா குரலை உயர்த்த, "கத்தாதே, என் வீடு" என்று நாத்தனார் அதைவிட உயர்த்த, அது அடுப்படியில் சர்க்கரை டப்பாவை யார் இடம் மாற்றி வைத்தது என்பதுவரைக்கும் போனது. மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கைப்பேசியில் தினமும் மாலை ஏழு மணிக்கு மணி அடிக்கும்படி வைத்து, அம்மாவின் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்தாள். "சத்தம் பிடிக்கலை" என்றாள் நாத்தனார். வேறு சத்தம் வைத்துப் பார்த்தார்கள். அதுவும் பிடிக்கவில்லை. ஐந்தாவது சத்தத்துக்குத்தான் சரி என்று தலையாட்டினாள்.